பத்திரத்தைப் படிச்சீங்களா, ஸார்?

பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே நன்மை, எந்த அக்ரிமெண்ட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது. விஷமெல்லாம் ஷெட்யூலில்தான் இருக்கும்! நம்பாதவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கேஸ்.

லினக்ஸ் தெரியுமில்லையா? 1991-ல் ஹெல்ஸிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்தது. உலகெங்கும் பலபேர் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்த கூட்டாஞ்சோறு. யாரும் எடுத்துக்கலாம், திருத்தலாம். திருத்தி அடுத்தவருக்குக் கொடுத்தால் மூல வரிகளையும் கூடவே கொடுக்கணும். அவ்வளவுதான் கண்டிஷன்.

2003 மார்ச்சில் எஸ்.ஸி.ஓ. என்ற கம்பெனி இந்தப் பானைக்குள் கையை விட்டது. யூனிக்ஸ் தன் சொத்தாம். அதிலிருந்து சரக்கை எடுத்து ஐ.பி.எம். லினக்ஸில் போட்டுவிட்டதாம். யூட்டாவில் வழக்கு. நஷ்ட ஈடு 100 கோடி டாலரில் ஆரம்பித்து 500 கோடிக்குப் போனது. அதோடு விட்டார்களா? லினக்ஸ் வைத்திருக்கிற கம்பெனிகளெல்லாம் ப்ராஸஸருக்கு 699 டாலர் கட்டணுமாம். இத்தனைக்கும் கால்டெரா என்ற பழைய பெயரில் லினக்ஸ் விற்றுப் பிழைத்த கம்பெனிதான் அது!

சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தவனுக்கும் திருட்டுப் பட்டம். எந்த வரி திருட்டு என்று கேட்டால் சரியான பதிலில்லை. விவரமில்லாத குற்றச்சாட்டுகள் பலவற்றை 2006-ல் கோர்ட்டே தள்ளிவிட்டது.

அப்புறம்தான் க்ளைமாக்ஸ். யூனிக்ஸ் வியாபாரத்தை 1995-ல் விற்றது நோவெல் கம்பெனி. அது கைமாறி 2001-ல் கால்டெராவிடம் வந்தது. நோவெலின் பத்திரத்தைப் பிரித்தால், 'விற்பனையில் சேராதவை' பட்டியலில் காப்பிரைட்! 1996-ல் போட்ட ஒரு திருத்தத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சண்டை போட்டார்கள். காப்பிரைட் நோவெலுக்கே என்று 2010-ல் ஜூரி சொல்லிவிட்டது. எஸ்.ஸி.ஓ. அதற்கு முன்பே, 2007-லேயே மஞ்சக் கடுதாசி கொடுத்தாச்சு.

2021-ல் ஐ.பி.எம். 1.425 கோடி டாலர் கொடுத்து சமரசம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கேட்டதில் ரூபாய்க்குக் கால் பைசா சொச்சம். பதினெட்டு வருஷம்! கேஸுக்குப் பயந்து லினக்ஸைத் தொடாமல் விட்டவர்களின் நஷ்டம் எந்த லெட்ஜரில் ஏறும்?

லினக்ஸ்காரர்கள் 2004-லிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வரி எழுதித் தருகிறவர், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று பெயர் போட்டே தரணும். இனாமாகக் கொடுக்கிறவர்கள் பத்திரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள், ஸார்!

இந்தப் பத்தியை டைப் அடித்ததும் லினக்ஸில்தான். 699 டாலர் கேட்டிருந்தால் பேனாவையே தேடியிருப்பேன்.