ஊரார் பணத்துக்கு ஊரவை எங்கே?



வில்லியனூரிலும் பாகூரிலும் வரி செலுத்தாமல் வாழ்வார் யார்? எவருமிலர். செலுத்திய பணம் எவ்வழிச் சென்றது, வரும் ஆண்டில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு, எந்த ஏரிக்கு எவ்வளவு என அவையில் எழுந்து கேட்டு மறுமொழி பெற்றார் யார்? அதற்கும் விடை, எவருமிலர் என்பதே! கொடுப்பதற்குக் கையுண்டு, கேட்பதற்கு வாயில்லை. இதற்குப் பெயர் குடியாட்சியாம்!

1880ஆம் ஆண்டிலேயே பிரஞ்சுக்காரன் இங்கே ‘கொம்யூன்’ என்னும் உள்ளாட்சி அமைப்பைக் கொணர்ந்தான். அயலவன் நமக்கு அருள் செய்தான் என்பதன்று என் கருத்து. உழவர்கரையை ‘உல்காரே’ எனச் சிதைத்தவன் அவன். அவன் காலத்துத் தேர்தல்களில் ஒப்போலைத் திருட்டும் அடிதடியும் மலிந்து கிடந்தன. ஆயினும், ஊர்க்கென ஓர் அவையும் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் இருந்தனர்.

அவ்வுறுப்பினர் ஆற்றிய பணி சிறிதன்று. 1954 அக்தோபர் 18ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரில், சட்டமன்றப் பேராளரும் நகராட்சி உறுப்பினரும் ஆகிய 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய ஒப்பினர். 8 பேர் மறுத்தனர். ஒரு நிலத்தின் தலையெழுத்தையே உறுதி செய்தவர்கள் உள்ளாட்சி உறுப்பினர்கள்! இணைந்தபின் அந்த உள்ளாட்சிக்குக் கிடைத்த பரிசு யாது? 1968இல் ஒரு தேர்தல். அதன்பின் 38 ஆண்டுகள் உறக்கம். 2006இல் மறு தேர்தல். 2011இல் அதன் காலமும் முடிந்தது. 2021இல் நாள் குறிக்கப்பட்ட தேர்தலும் இடஒதுக்கீட்டு வழக்கில் சிக்கி நின்றது. ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தல் நடைபெற வேண்டும் என்று 1993 முதல் அரசியல் சட்டமே கூறுகிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது; ஊர் நடுத்தெருவில் நிற்கிறது!

அவையில்லாத ஊரில் வரவு செலவுத் திட்டத்தை எழுதுபவர் யார்? அலுவலரே. அவர் நல்லவரா அல்லரா என்பதன்று வினா. ஊரார் அமர்த்தாதவரை ஊரார் நீக்கவும் இயலாது என்பதே வினா. அவர்க்கு மேலே புதுவை அரசு. அவ்வரசின் ஆண்டுத் திட்டமோ, 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, தில்லியின் முன்னொப்புதல் பெற்ற பின்னரே சட்டமன்றத்துக்கு வர வேண்டும். ஊர் புதுவையை நோக்கிக் கையேந்த, புதுவை தில்லியை நோக்கிக் கையேந்துகிறது. இந்த இரப்போர் வரிசையின் கடைசியில் நிற்பவன் வரிகொடுத்த தமிழன்!

சில ஆண்டுகளுக்கு முன், கழிவுநீர் வாய்க்கால் இல்லாத ஒரு தெருவினர்க்கு வேண்டுகை எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. தமிழில் எழுதினேன்; மறுமொழி ஆங்கிலத்தில் வந்தது. படித்துப் பொருள் சொன்னேன்: “இவ்வாண்டுத் திட்டத்தில் இடமில்லை.” கேட்டிருந்த முதிய தாய் ஒருவர், “திட்டம் போட்ட அன்னிக்கு எங்கள ஏன் கூப்பிடல, வாத்தியாரய்யா?” என்றார். முப்பதாண்டு இலக்கணம் கற்பித்த எனக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை.

1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஏற்றது. ஆங்கிலத்துக்கும் கதவைத் திறந்தே வைத்தது. அக்கதவின் வழியேதான் கணக்கு நம் கண்ணுக்குத் தப்புகிறது. புரியாத மொழியில் எழுதப்பட்ட கணக்கு, பூட்டிய பெட்டியில் வைத்த கணக்கே.

“ஊரார்க்குக் கணக்குத் தெரியாது, கூட்டினால் சண்டையிடுவர்” என்பார் சிலர். தென்பெண்ணை நீர் சொர்ணாவூர் அணையில் திரும்பிப் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. அவ்வாய்க்கால் எங்கே தூர்ந்தது, எந்த மதகு ஒழுகுகிறது என்பதைப் பாகூர் உழவனைவிட அறிந்தவர் யார்? ஆயிரத்து நூறாண்டுக்கு முன், பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூரில், ஏரிக்கென ஒரு வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் குடவோலையினின்று விலக்கினர். அது பார்ப்பனர் ஊரவை. உழைத்தவனுக்கு அதில் இடமில்லை. ஆதலின் அதனைப் பொற்காலம் எனப் போற்ற வரவில்லை. ஆயினும், கணக்குக் காட்டாதவன் பொறுப்புக்குத் தகான் என்னும் அறம் இம்மண்ணில் கல்லில் வெட்டப்பட்டது. சேரியும் ஊரும் ஒன்றாய் அமரும் அவையில் அவ்வறம் இன்று நிலைபெற வேண்டாவா?

எனவே நாம் வேண்டுவன மூன்றே. உள்ளாட்சித் தேர்தல் காலந்தோறும் தவறாது நடக்க வேண்டும். ஒவ்வோர் ஊரின் வரவும் செலவும் தமிழில் எழுதப்பட்டு, ஆண்டு தொடங்குமுன் ஊரவையில் படிக்கப்பட வேண்டும். மறுக்கப்படும் ஒவ்வொரு வேண்டுகைக்கும் கரணியம் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும்.

தேர்தல் வரும்வரை வாளாவிருக்க வேண்டா. தெருவுக்குப் பத்துப்பேர் கூடுங்கள், தேவைகளைத் தமிழில் எழுதுங்கள், தமிழில் கையெழுத்திடுங்கள், படியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வரும் மறுமொழியைத் திருப்பியனுப்பித் தமிழில் கேளுங்கள். அந்தத் தாய்க்கு நான் சொல்லாத விடையை ஊர் சொல்லட்டும்!