கன்று ஈன்ற பசு புண்ணாக்கை ஏன் ஒதுக்குகிறது?

‘‘எங்கள் கலப்பின ஜெர்சி பசு மூன்றாவது ஈற்றில் கன்று போட்டு 20 நாள்கள் ஆகின்றன. தவிடு, புண்ணாக்கைத் தொடுவதில்லை. வைக்கோலை மட்டும் கடிக்கிறது. பால் 12 லிட்டரிலிருந்து 7 லிட்டராக இறங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. வெல்லம் கரைத்து ஊற்றலாமா?’’

– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

இந்த அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘கீட்டோசிஸ்’. கன்று ஈன்ற ஆறு வாரத்துக்குள், அதிகம் கறக்கும் மாடுகளுக்கு வருவது. பசுவின் மூச்சிலும் சிறுநீரிலும் ஒருவித இனிப்பு வாடை அடிக்கும், சாணம் இறுகியிருக்கும்.

10 லிட்டர் பாலில் ஏறக்குறைய அரை கிலோ பால் சர்க்கரை இருக்கிறது. அதை மடி, ரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துத்தான் செய்கிறது. ஈன்ற புதிதில் பால் ஏறும் வேகத்துக்குத் தீவனம் எடுப்பது ஏறாது. குளுக்கோஸ் பற்றாதபோது உடம்பு சேமித்த கொழுப்பைக் கரைக்கிறது. கல்லீரல் அந்தக் கொழுப்பை ‘கீட்டோன்’களாக மாற்றி அனுப்ப, இதயமும் தசைகளும் அவற்றை எரித்துச் சமாளிக்கின்றன. பட்டினி கிடக்கும் மனிதர் உடம்பிலும் இதுவே நடக்கிறது. அளவோடு இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடுதான். செலவாவதைவிட அதிகம் சேர்ந்தால் பசி மந்தமாகும். பசி குறைந்தால் குளுக்கோஸ் இன்னும் குறையும். கல்லீரலிலும் கொழுப்பு படியும்.

வெல்லம் இதற்குக் கைகொடுக்காது. மனிதருக்குப்போல மாட்டுக்குச் சர்க்கரை நேரே ரத்தத்தில் சேர்வதில்லை. பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அமிலங்களாக்கிவிடும். அதிகம் ஊற்றினால் வயிறு புளித்து, உள்ள பசியும் போகும். அந்த அமிலங்களில் புரோபியானிக் அமிலம்தான் கல்லீரலில் குளுக்கோஸாக மாறக்கூடியது. அதனால்தான் மருத்துவர்கள் டெக்ஸ்ட்ரோஸை நரம்பில் ஏற்றுகிறார்கள். தொடர்ந்து சில நாள்களுக்கு புரோபிலீன் கிளைக்கால் வாய்வழி கொடுக்கச் சொல்கிறார்கள். எதைப் புகட்டினாலும் தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

சினைக்காலத்தில் மாட்டைக் கொழுக்கவைத்தால் பால் பெருகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கொழுத்த மாடுதான் ஈன்ற பிறகு தீவனத்தைக் குறைத்து இந்த நோயில் எளிதாக விழுகிறது. அடுத்த ஈற்றுக்கு, ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் போதும்.

இப்போதைக்கு, காலைச் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம். கீட்டோன் இருந்தால் பரிசோதனையில் ஊதா நிறம் காட்டும். காட்டாவிட்டால் ஆணி, கம்பி விழுங்கியதா, கருப்பையில் சீழ் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.