மெம்பிஸ் மக்கள் அறிந்திருந்த எல்லை

அமெரிக்க அரசியலைப் பற்றி எழுதுவோர் சில ஆண்டுகளாக ஓர் உவமையைத் திரும்பத் திரும்பக் கையாள்கின்றனர். 'அரசியல், தொழில்முறை மல்யுத்தமாகிவிட்டது' என்பதே அது. இதற்குச் சான்றுகளுக்கும் பஞ்சமில்லை. 2007-இல் ரெசில்மேனியா மேடையில் வின்ஸ் மெக்மேனின் தலையை மழித்த டொனால்ட் டிரம்ப், 2013-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 2024 ஜூலையில் குடியரசுக் கட்சி மாநாட்டில் ஹல்க் ஹோகன் தன் சட்டையைக் கிழித்து அவருக்கு ஆதரவு முழங்கினார். அந்த மல்யுத்த நிறுவனத்தை நெடுங்காலம் நிர்வகித்த லிண்டா மெக்மேன், 2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் துறையின் பொறுப்பை ஏற்றார்.

இவற்றை அடுக்கி, 'மல்யுத்த ரசிகர்களைப் போலவே வாக்காளர்களும் பொய்யை மெய்யென நம்பப் பழகிவிட்டனர்' என்ற முடிவுக்குப் பலர் வருகின்றனர். அம்முடிவில் எனக்கு ஐயம் உண்டு. மல்யுத்த ரசிகர் உண்மையில் எப்படிப்பட்டவராக இருந்தார் என்பதை அறிய, அத்தொழில் நாடு தழுவிய பெருவணிகமாக மாறுவதற்கு முந்தைய தொலைக்காட்சிப் பதிவொன்றைப் பார்ப்பதே நல்ல வழி. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலிருந்து 1982 காலகட்டத்தில் ஒளிபரப்பான அத்தகைய பதிவொன்றை அண்மையில் பார்த்தேன்.

மேசைக்குப் பின்னே இருவர்: டபிள்யூ.எம்.சி. தொலைக்காட்சியின் 5ஆம் அலைவரிசையில், சனிக்கிழமை காலைதோறும் ஒன்றரை மணி நேரம் நேரலையாக நடந்த நிகழ்ச்சி அது. ஆடம்பரம் எதுவுமில்லை. சிறிய படப்பிடிப்புக் கூடம், அதில் ஒரு மல்யுத்த மேடை, ஓரமாய் ஒரு மேசை, அதன் பின்னே இரு வர்ணனையாளர்கள். ஒருவர் லான்ஸ் ரஸ்ஸல். மற்றவர் டேவ் பிரவுன். இவர் அதே தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளரும்கூட. வார நாள்களில் புயலையும் மழையையும் சொல்லும் அதே முகம், சனிக்கிழமை காலையில் மல்லர்களின் பகையை விவரித்தது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. மல்லர்கள் எவ்வளவு கூச்சலிட்டாலும், ரஸ்ஸல் குரலை உயர்த்துவதில்லை. பொய் சொல்லும் வில்லனிடம் சலிப்போடு மறுப்புரைக்கிறார். பெருமையடிப்பவனைக் கண்டு முகம் சுளிக்கிறார். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் ராஜாவிடமும் பேசுவான், எதிரே அமர்ந்திருக்கும் ஊராரிடமும் பேசுவான். ஒரு கால் கதைக்குள்ளும் மறுகால் கதைக்கு வெளியிலும் நிற்பவன் அவன். ரஸ்ஸலும் பிரவுனும் செய்தது ஏறக்குறைய அதே பணிதான். கதை எவ்வளவு பொங்கினாலும், நிதானம் தவறாத ஒரு குரல் பார்வையாளரின் பக்கம் இருந்தது.

ஹாலிவுட்டிலிருந்து வந்த வில்லன்: அக்காலத்து மெம்பிஸின் பெரும்பகை, உள்ளூர் நாயகன் ஜெர்ரி லாலருக்கும், 'டாக்சி' தொடரால் நாடறிந்த நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனுக்கும் இடையிலானது. மேடைகளில் பெண்களோடு மல்யுத்தம் செய்து, தன்னை இருபாலர் மல்யுத்த வாகையர் என்று அறிவித்துக்கொண்டவர் காஃப்மன். மெம்பிஸ் ஒளிபரப்புகளில் வந்த அவருடைய பதிவுகளில் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. அதில் அவர் ஒரு சோப்புக்கட்டியைக் கையில் பிடித்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தென்மாநில மக்களுக்குக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பாடம் நடத்துகிறார்.

அது வெறும் வசையன்று. தென்மாநிலத்தவர் பின்தங்கியோர், நாகரிகமறியாதோர் என்று பெருநகரங்களும் திரையுலகமும் கொண்டிருந்த ஏளனத்தை அவர் ஒரு சோப்புக்கட்டியில் அடக்கிவிட்டார். காயம் உண்மையானது, அதை வைத்துப் புனையப்பட்ட சண்டைதான் நாடகம். 1982 ஏப்ரல் 5 அன்று மிட்-சவுத் கொலிசியத்தில் இருவரும் மோதினர். தடைசெய்யப்பட்டிருந்த 'பைல்டிரைவர்' பிடியை லாலர் பயன்படுத்தியதால், விதிப்படி காஃப்மனே வென்றார். பின்னர் கழுத்துப்பட்டையுடன் உலவினார். அவ்வாண்டு ஜூலையில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் லாலர் அவரை அறைந்தது நாடெங்கும் பேசப்பட்டது. இருவரும் ஒப்புக்கொண்டு நடத்திய நாடகம் இது என்பது, காஃப்மன் 1984-இல் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளிவந்தது.

இவ்வாறு கதையை மெய்போலவே காத்து நிற்பதை மல்யுத்தத் தொழிலில் 'கேஃபேப்' என்பர். மெம்பிஸ் மக்களுக்கு அந்தரங்கம் முழுவதும் தெரிந்திருக்கவில்லை. சிலர் எல்லாவற்றையும் மெய்யென்றே நம்பியும் இருக்கலாம். ஆனால், இந்தக் கதை எந்த இடத்தில் நடக்கிறது, எந்த நாளில் நடக்கிறது, தங்களிடம் எதைக் கேட்கிறது என்பது அனைவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை விளம்பரம், திங்கள்கிழமைக் கணக்கு: சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பார்க்கக் கட்டணமில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய கொலிசியத்தில் திங்கள்கிழமை இரவு நடக்கும் போட்டிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்பதே அதன் நோக்கம். பிறகு அதே குழு செவ்வாய்க்கிழமை லூயிவில் நகருக்கும், புதன்கிழமை எவன்ஸ்வில் நகருக்கும் செல்லும். சொன்ன கதை பிடித்திருந்தால் அரங்கம் நிறையும். சலித்துவிட்டால் காலி இருக்கைகளே விடை சொல்லும். மல்லர்களின் வருமானமும் வசூலைச் சார்ந்தே இருந்தது. அதாவது, கதை சொல்பவர் ஒவ்வொரு வாரமும் கதை கேட்பவரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கணக்குக்குச் சில வேளைகளில் பெரும் ஆற்றல் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் இதே மெம்பிஸில், கறுப்பின ரசிகர்கள் எல்லிஸ் அரங்கத்தின் மேல்மாடத்தில் மட்டுமே அமர அனுமதிக்கப்பட்டனர். வெள்ளையின மல்லரான ஸ்புட்னிக் மன்றோ, அவர்களுக்கு மற்ற இருக்கைகளும் திறக்கப்படாவிட்டால் களமிறங்க மறுத்தார். அவரைக் காணத் திரண்ட கறுப்பின ரசிகர்களின் கூட்டத்தை இழக்க அமைப்பாளர்கள் விரும்பவில்லை, தடை தகர்ந்தது. சட்டம் செய்யத் தயங்கியதை நுழைவுச்சீட்டு செய்தது.

இதைச் சொல்வதால் அக்காலத்தைப் பொற்காலமென்று நான் கொண்டாடவில்லை. 1948-இல் உருவான தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பு, நாட்டை எல்லைகளாகப் பங்கிட்டுக்கொண்ட முதலாளிகளின் கூட்டு. அதன் ஏகபோகப் போக்கைத் தடுக்க, 1956-இல் நீதித் துறை தலையிட்டு உடன்படிக்கை காண நேர்ந்தது. மல்லர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. அயல்நாட்டவரையும் சிறுபான்மையினரையும் கேலிச்சித்திரங்களாக்கும் வழக்கமும் இருந்தது. காஃப்மனின் பெண் வெறுப்புப் பேச்சுகள் நையாண்டியே எனினும், இன்று கேட்கும்போது நெருடுகின்றன.

எல்லை அழிந்த விதம்: ஆயினும் அந்த அமைப்பு மறைந்தபோது குறைகள் மட்டும் மறையவில்லை, வாரக்கணக்கும் மறைந்தது. 1984 ஜூலை 14 அன்று, அட்லாண்டாவின் டபிள்யூ.டி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஜார்ஜியா மல்யுத்தத்தை எதிர்பார்த்து அமர்ந்தவர்கள், அந்த நேரத்தை விலைக்கு வாங்கியிருந்த வின்ஸ் மெக்மேனின் நிறுவனத்தைக் கண்டனர். புகார்கள் குவிந்தன. மறு ஆண்டே அவர் அந்த நேரத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வட்டார ரசிகர்கள் அச்சமரில் வென்றனர். ஆனால், சில ஆண்டுகளில் வட்டார நிறுவனங்களே ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1989-இல் இன்னொரு திருப்பம். மல்யுத்தம் போட்டியன்று, கேளிக்கையே என்று மெக்மேன் நிறுவனம் நியூஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டது. உண்மையின்மேல் கொண்ட பற்றினால் அன்று. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக. 2025 ஜனவரி முதல் அந்நிறுவனத்தின் 'ரா' நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வருகிறது. பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 500 கோடி டாலருக்கும் மேல். ஒரு நகரத்தின் அரங்கம் ஒரு திங்கள்கிழமை காலியாகக் கிடந்தால், அந்தக் கணக்கில் அது ஒரு துளி.

இப்போது அந்த உவமைக்குத் திரும்புவோம். மல்யுத்த ரசிகர் மேடையையும் வாழ்வையும் குழப்பிக்கொள்பவர் என்றால், மெம்பிஸின் மேயராக வர லாலரைவிடத் தகுந்தவர் எவருமில்லை. தலையில் கிரீடம் சூட்டி அந்நகரமே 'மன்னர்' என்று அழைத்த மனிதர் அவர். 1999-இல் அவர் மேயர் தேர்தலில் நின்றார். சுமார் 12 விழுக்காடு வாக்குகளுடன் மூன்றாமிடமே கிடைத்தது. கால் நூற்றாண்டாக அவருக்காகக் குரல்கொடுத்த நகரம், நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைத்தது. அரங்கத்தின் கதவு எங்கே முடிகிறது என்பதை மெம்பிஸ் அறிந்திருந்தது.

முன்னாள் மல்லர் ஜெசி வென்சுரா 1998-இல் மின்னசோட்டாவின் ஆளுநராக வென்றாரே என்று கேட்கலாம். அவர் அதற்கு முன்பே புரூக்ளின் பார்க் நகரின் மேயராகப் பணியாற்றி, அருகிலிருந்து மதிப்பிடத்தக்க பதிவொன்றை வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே, அரசியல் மல்யுத்தமாகிவிட்டது என்று சொல்வது பழைய ரசிகர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. அரசியல் அங்கிருந்து எடுத்துக்கொண்டது கூச்சலையும், பகைவனைப் புனையும் உத்தியையும், மக்களின் உண்மையான காயத்தைச் சீண்டும் சாமர்த்தியத்தையும் மட்டுமே. மேசைக்குப் பின்னே அமர்ந்த நிதானமான குரலையும், மறுவாரமே வந்து நிற்கும் கணக்கையும் அது எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் உள்ளூர் நாளிதழ்கள் மூடப்படுவதையும், உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் சில பெருநிறுவனங்களின் கைக்குப் போவதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மழை வருமா என்று சொன்னவரே மல்யுத்தத்தையும் விவரித்தபோது, இரண்டிலும் அவர் அதே ஊராருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டிருந்தார்.

மக்கள் ஏமாளிகளாகிவிட்டனர் என்று வருந்துவது எளிது. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊருக்குப் பதில்சொல்லும் அந்தக் குரலை எந்த அமைப்புகள் தாங்கி நின்றன, அவற்றில் எவற்றை இன்னும் காப்பாற்ற முடியும் என்று ஆராய்வதே பயனுள்ள பணி.