ரோமாபுரி எலியும் செங்கல்பட்டு எலியும்

ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இன்று கொட்டிவிடுகிறேன். அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும் :-)

பழைய ரோமாபுரிச் சமையல் என்றால் நம்ம மக்கள் வாயைப் பிளந்துகொண்டு படிக்கிறார்கள். மயில், பூநாரை நாக்கு, அப்புறம் கட்டாயம் அந்த 'கிளிஸ்'. அணில் மாதிரி வால் உள்ள காட்டு எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ஜாடிக்குள் இருட்டில் அடைத்து, அக்ரூட்டும் ஓக் கொட்டையும் போட்டுக் கொழுக்க வைப்பார்கள். அபிசியஸ் பெயரில் உள்ள சமையல் புத்தகத்தில் செய்முறையே உண்டு. பன்றிக்கறியோடு அந்த எலிக்கறியையும் சேர்த்து, மிளகு, பைன் கொட்டை, லேசர் என்ற பிசின், மீன் சாறு எல்லாம் போட்டு இடித்து, வயிற்றில் அடைத்துத் தைத்து, ஓட்டின் மேல் வைத்து அடுப்பில் சுட வேண்டியது. பணக்கார விருந்துகளில் இது அளவு மீறிப்போய், கி.மு. 115-ல் தடைச்சட்டமே போட்டார்கள்.

மிளகு நம்ம முசிறித் துறைமுகத்திலிருந்து போனது. லேசர் தந்த ஆப்பிரிக்கச் செடி அழிந்ததும், அதற்குப் பதிலாக அவர்கள் போட்டது பெருங்காயம். ஆக, மயிலாப்பூரில் எங்க வீட்டு ரசத்துக்கும் ரோமாபுரி எலிக்கும் ரெண்டு சாமான் பொது!

இதை தி.நகர் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் சொன்னால் "வாவ், எக்ஸாடிக்!" என்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் வயல் எலி சாப்பிடுவார்கள் என்று சொன்னதும் அதே ஆசாமி, "சீ, சாப்பிடறப்போ இதையா பேசறது?" என்கிறார். ஒரே இன்புட்டுக்கு ரெண்டு அவுட்புட் வந்தால் எங்க தொழிலில் அதற்கு பக் என்று பெயர். எங்கேயோ ஒரு வேரியபிள் ஒளிந்திருக்கிறது. யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் அந்த வேரியபிள்.

சுத்தம்தான் பிரச்சினை என்பீர்கள். அறுவடை முடிந்த வயலில் வளையைத் தேடிப் புகை போட்டுப் பிடிக்கிற எலி, நெல் தின்று வளர்ந்தது. சாக்கடைப் பெருச்சாளி இல்லை. தீயில் வாட்டி, மயிரைப் பொசுக்கி, குடலை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறார்கள். போதாததற்கு எலி பதுக்கிய நெல்லும் மண்ணிலிருந்து திரும்பக் கிடைக்கிறது. ஜாடிக்குள் அடைத்து வளர்த்த ரோமாபுரிக்காரனிடம் இந்தச் சுத்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே, ஏன்?

"தமிழன் அப்படியெல்லாம் சாப்பிட்டதில்லை" என்று ஒரு கோஷ்டி வரும். ஐயா, கீழடி என்றால் நெஞ்சை நிமிர்த்துகிறீர்கள் இல்லையா, கொஞ்சம் அகநானூறு 394-ஐயும் புரட்டுங்கள். வரகுச் சோறு, ஆட்டுத் தயிர், புற்றிலிருந்து கிளம்பிய ஈசல், மேலே உருகுகிற வெண்ணெய். புறநானூறு 119-ல் கபிலர் பாரியின் பறம்பு நாட்டு வளத்தைச் சொல்லும்போதும் ஈசலும் மோரும் வருகிறது. முதல் மழைக்கு அப்புறம் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, சிறகைப் புடைத்துவிட்டு, சட்டியில் வறுத்து, பொரியோடு கலந்து தின்கிற பழக்கம் நம்ம கிராமங்களில் உண்டு. சங்க இலக்கியத்தில் இருந்தால் பெருமை, பக்கத்து ஊர்க்காரன் சட்டியில் இருந்தால் அருவருப்பா?

நான் முட்டைகூடத் தொடாதவன். யாரையும் எலி தின்னச் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் தின்ன வேண்டாம், சிம்பிள். சாப்பிடுகிறவனைக் கேவலமாகப் பார்ப்பது வேறு விஷயம். ஒரு இருளர் வீட்டுப் பிள்ளையை 'எலி தின்னி' என்று கூப்பிட்டால் அது எக்ஸாடிக் ஆகாது, அந்தப் பிள்ளைக்கு அது வசவு.

அடையாறிலிருந்து ஈ.சி.ஆரில் போனால் வடநெம்மேலி வரும். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பாம்புக்கடிக்கு ஊசி போட்டுக்கொள்கிறோமே, அதைத் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இவர்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் எடுத்துத் தரும் விஷத்தை வைத்துத் தயாரித்த மருந்து நம்ம உடம்புக்குள் போகலாமாம், அவர்கள் சாப்பாட்டின் பெயர் மட்டும் நம்ம காதுக்குள் போகக்கூடாதாம். என்ன கொடுமை சார் இது?

இனி யாராவது ரோமாபுரி எலிக்கு "ஆஹா" போட்டால், செங்கல்பட்டு எலிக்கும் ஒரு "ஆஹா" போடட்டும். முடியாவிட்டால் ரெண்டுக்குமே "சீ" சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு தராசு மட்டும் வேண்டாம்.