சென்ற இடமே சொந்த ஊர்

மகனுக்கு வேலை மாற்றலாகிவிட்டது, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போயாக வேண்டும் என்ற செய்தி வந்ததும் வீடு பரபரப்பாகிவிடுகிறது. பள்ளிக்கூடச் சான்றிதழ், கேஸ் இணைப்பு, சாமான் ஏற்றும் லாரி என்று இளையவர்கள் ஓடுகிறார்கள். பூஜை அறை வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் கவலையோ வேறு. நாற்பது ஆண்டுகள் வலம் வந்த பிராகாரம், கேளாமலே கோத்திரமும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சிக்கும் குருக்கள், கடனுக்கும் முகம் கோணாத பூக்காரி, இவர்களையெல்லாம் எந்தப் பெட்டியில் கட்டுவது? "எனக்கென்ன, எங்கே இருந்தாலும் ஒன்றுதான்" என்று வாய் சொல்கிறது. இரவில் உறக்கம் வருவதில்லை.

ஊர் பெயரும் துயரம் மனிதருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்ட நம்பெருமாள், பல ஊர்களில் தங்கி 1371-இல்தான் தம் கோயிலுக்குத் திரும்பினார். திரும்பும் நாள் அவருக்கு வாய்த்தது. காஞ்சியிலிருந்து புறப்பட்ட பொன் காமாட்சியின் வரலாறு வேறு விதமானது.

போர் அச்சம் சூழ்ந்த காலத்தில் அம்பிகையின் பொன் திருமேனியை, வழிவழியாகப் பூஜித்து வந்த குடும்பத்தினர் காஞ்சியிலிருந்து எடுத்துச் சென்றனர். பொன்னின் ஒளி பிறர் கண்ணில் படாதவாறு புனுகு சாத்தி மறைத்தனர் என்பது மரபு. செஞ்சி, உடையார்பாளையம் எனப் பல இடங்களில் தங்கித் திருவாரூரை அடைந்தனர். அக்குடும்பத்தில் 1762-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவரே சங்கீத மும்மூர்த்திகளில் மூத்தவரான சியாமா சாஸ்திரிகள். பின்னர் அம்பிகை தஞ்சைக்கு எழுந்தருளினாள். மேலவீதியில் பங்காரு காமாட்சியாகக் கோயில் கொண்டாள். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். தந்தைக்குப் பின் சாஸ்திரிகள் அவளுக்குப் பூஜை செய்தார், அவளைப் பாடினார்.

அந்தப் பொன் திருமேனி காஞ்சிக்குத் திரும்பவில்லை. தங்கிய இடங்களில் பழைய கோபுரம் இல்லை, பழைய திருக்குளம் இல்லை. வழிவழி வந்த பூஜை மட்டும் கூடவே வந்தது. அதனாலேயே தஞ்சை அவளுக்கு வழித்தங்கலாக இல்லாமல் ஸ்தலமாயிற்று.

இல்லத்துக்கும் இதுவே வழி. சாமான்களைக் கட்டும்போது காமாட்சி விளக்கு, சுவாமி படம், குங்குமச் சிமிழ், பஞ்சாங்கம் ஆகியவற்றை லாரியில் ஏற்றாமல் கையோடு கொண்டுசெல்லும் பையில் வைப்பது நல்லது. மூக்குக்கண்ணாடியும் மருந்துச் சீட்டும் அதே பையில் இருக்கட்டும். புது வீட்டில் பால் காய்ச்சியபின் மற்றப் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தாலும் பாதகமில்லை. மாலையில் வழக்கமான நேரத்தில் விளக்கேற்றி, வழக்கமான தோத்திரத்தைச் சொல்ல வேண்டும். மறுநாள் பக்கத்துக் கோயிலுக்குச் சென்று நடை திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளலாம். தினமும் அதே நேரத்தில் போகிறவரை அர்ச்சகரும் பூக்காரியும் சில நாட்களிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மனத்தில் உள்ள துக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. மாமியாரின் மௌனத்தை மருமகள் கோபமென்று எண்ணக்கூடும். "பழைய கோயில் நினைவு வருகிறது அம்மா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் இருவர் பாரமும் குறையும். அவளும் அறியாத ஊரில் புது அடுப்போடு போராடுகிறவள்தானே. ஆனால் "எங்கள் ஊரில் இப்படியா?" என்ற பேச்சை நாள்தோறும் எடுப்பது வீட்டில் எவரையும் வேரூன்ற விடாது. குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்து, ஆண்டுக்கொருமுறை குடும்பத்தோடு போய்வரத் தீர்மானித்துக்கொண்டால், பழைய ஊரை இழந்துவிட்டோம் என்ற ஏக்கமும் தணியும்.

பங்காரு காமாட்சி காஞ்சியிலிருந்து வந்தவள் என்பதைத் தஞ்சைக் குழந்தைகள் பெரியவர் சொல்லித்தான் அறிகிறார்கள். அவர்களுக்கு அவள் தங்கள் ஊர் அம்பாள். பேரக்குழந்தைக்கும் புது ஊர்தான் நாளைக்குச் சொந்த ஊர். அங்கே முதன்முதலாக அதன் கையைப் பிடித்துச் சந்நிதிக்கு அழைத்துச் செல்பவள் பாட்டியாக இருக்கட்டும்.