கோட்டை வாசலிற் கண்ட மீன்

கல்விச் சுற்றுலாவின் கடைசி நாள் பெரும்பாலும் கடைத்தெருவிலேயே கழிகிறது. இது தகாது என்பது என் கருத்து.

திருகோணமலையில் என் மாணாக்கர் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினர், துறைமுகத்தையும் பார்த்தனர். புறப்படும் வேளையிலே, பிரெடரிக் கோட்டை வாசலில் ஒருவன் நின்று, "சேர், கல்லிலே மீன்!" என்றான். பாண்டியரின் இணைக்கயல் அது. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே அங்குக் கோட்டை எழுப்பினர். வகுப்பிலே பலமுறை நான் சொன்ன செய்திதான். ஆயினும் காலையில் அவ்வழியே கோயிலுக்குப் போனபோது நானே நின்று பார்த்திலேன்!

கடைசி நாளுக்கு நேரசூசி வேண்டாம். பிள்ளைகள் தாமே நின்று பார்க்கட்டும். பிந்தினால் பெற்றோர் ஏசுவர் என்பார் நண்பர், ஏசட்டுமே. அன்று ஒரு மணி நேரம் பிந்தியே புறப்பட்டோம். சாரதியும் இறங்கிவந்து அந்த மீனை உற்றுப் பார்த்தார்.