பலூன் தாங்கும், பிடிக்காது

அரியலூர்ப் பக்கம் சாலையில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சிமெண்ட் மூட்டைகளை எங்கோ இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் பல சக்கர லாரியில் ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அது லிஃப்ட் ஆக்சில். சுமை இல்லாதபோது டயர் வீணாகத் தேயக் கூடாது என்று தூக்கி வைக்கிறார்கள். அதைத் தூக்குவதும், சுமை ஏறியதும் மறுபடி சாலையில் வைத்து அழுத்துவதும் ரப்பர் பலூனில் அடைத்த காற்றுதான். இரவில் பெரம்பலூர் வழியாகச் சென்னைக்கும் திருச்சிக்கும் ஓடும் ஆம்னி பேருந்துகள் பலவற்றின் அடியிலும் இதே பலூன் உண்டு. பயணி தூங்குகிறார் என்றால் பாதிப் புண்ணியம் அந்தப் பலூனுக்கு.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஆசை வருகிறது. கையில் இருப்பது 1988-இல் வந்த டாடா மொபைலாக இருக்கலாம். அப்பா காலத்து மகிந்திரா ஜீப்பின் பின்னால் தொட்டி கட்டிய வண்டியாக இருக்கலாம். பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்ததால், அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் இன்னும் டிஎன் 45 என்ற எண்ணைப் பார்க்கிறோம். வெறுமனே ஓட்டினால் முதுகு உடைகிறது, சுமை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது; ஸ்பிரிங் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலூன் வைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் “கழற்றிப் போட்டுவிட்டு” என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. பட்டை என்னென்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைக் கழற்றக் கூடாது.

வில் வண்டி என்று நம் ஊரில் சொன்னோமே, அந்த வில்தான் இந்தப் பட்டை. பாரவண்டியில் அச்சு நேரடியாகச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். வில் வண்டியில் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் இருக்கும். பெண்களும் குழந்தைகளும் குலுங்காமல் கோவிலுக்குப் போய்வர அது உதவியது. பிக்கப்பின் பின் ஆக்சிலில் இருப்பதும் அதே ஏற்பாடு: நீளமான மெயின் பட்டை, அதன் கீழே நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள், எல்லாவற்றையும் ஊடுருவும் ஒரு சென்டர் போல்ட், ஆக்சில் ஹவுசிங்கோடு இறுக்கிக் கட்டும் யூ போல்ட்டுகள்.

எடையைத் தாங்குவது பட்டையின் முதல் வேலை. அது எல்லோருக்கும் தெரியும். ஆக்சிலைப் பிடித்து வைப்பது இரண்டாவது வேலை; இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மெயின் பட்டையின் முன் நுனியில் உள்ள கண், சேசிஸில் ஒரு பின்னில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கண்தான் ஆக்சிலை முன்னும் பின்னும் நகரவிடாமல் பிடிக்கிறது. வளைவில் வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையை வாங்குவதும் அதே பட்டைதான். கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சக்கரம் ஒரு பக்கம் சுழல, ஹவுசிங் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். பிரேக் பிடித்தால் அந்த முறுக்கு திசை மாறும். இரண்டையும் பட்டையே தாங்குகிறது. சென்டர் போல்ட் உடைந்த வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதை லாரிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பிடிமானம் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பட்டைகள் அசையும்போது உரசுகின்றன. அந்த உரசல் குலுக்கலின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. அதனால்தான் ஷாக் அப்சார்பர் செத்துப்போன பழைய பிக்கப்கூட ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது பலூனுக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் டயர் ஆலை இருக்கிறது. டயருக்கும் பலூனுக்கும் உடம்பு ஒரே குலம்: ரப்பருக்கு நடுவே நூல் அடுக்குகள், இரு நுனியிலும் காற்று கசியாத பிடிப்பு. அது தாங்கும் எடையைக் கணக்கிடுவது எளிது. உள்ளே உள்ள காற்றழுத்தத்தைப் பலூனின் பரப்பால் பெருக்கினால் போதும். டயருக்குக் காற்று பிடிக்கும்போது நாம் சொல்லும் “பவுண்டு” என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு என்பதே. 6 அங்குல விட்டமுள்ள பலூனின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். அதில் 70 பவுண்டு காற்று அடைத்தால் ஏறக்குறைய 1,980 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 900 கிலோ தாங்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 1,800 கிலோ.

காற்றின் பெரிய குணம் வேறொன்று. எஃகுப் பட்டையின் விறைப்பு பெரும்பாலும் மாறாதது. முழுச் சுமைக்கு என்று செய்த பட்டை, வெறும் வண்டிக்கு அதிக விறைப்பாகத்தான் இருக்கும். பின் ஆக்சில்மேல் விழும் எடை வெறும் வண்டியில் இருப்பதைவிடச் சுமை ஏறியபின் மூன்று மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெறும் வண்டியின் துள்ளல், சுமை வண்டியின் துள்ளலைவிடச் சுமார் 1.7 மடங்கு வேகமாக இருக்கும். முதுகை உடைப்பது அதுதான். பலூனிலோ சுமைக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடும், குறைந்தால் மென்மையாகும். அதனால் வெறும் வண்டியும் சுமை வண்டியும் ஏறத்தாழ ஒரே மாதிரி மிதக்கும், தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை ஏற்றிப் போய் வெறுமனே திரும்பும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது.

ஆனால் பலூன் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். ஆக்சிலை அது பிடிக்காது. ரப்பர் பையை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் சாயும். அதில் உரசலும் இல்லை. ஒருமுறை குதித்தால் குதித்துக்கொண்டே இருக்கும். பட்டை செய்த மற்ற வேலைகளை வேறு யாராவது செய்தாக வேண்டும்.

பட்டையை அறவே எடுக்கும் வேலையில் அதற்காக நான்கு இணைப்புக் கம்பிகள் வைக்கிறார்கள். கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்க் கம்பிகள் ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்க, மேல் கம்பிகள் ஹவுசிங் முறுக்கிக்கொள்வதைத் தடுக்கின்றன. பக்கவாட்டு நகர்வுக்கு, மேல் கம்பிகளை முக்கோணமாகச் சாய்த்து வைக்க வேண்டும். அல்லது சேசிஸின் ஒரு பக்கத்திலிருந்து ஆக்சிலின் மறுபக்கத்துக்குக் குறுக்காக ஒரு கம்பி கொடுக்க வேண்டும். பான்ஹார்ட் கம்பி என்பது அதன் பெயர். பான்ஹார்ட் பழைய பிரெஞ்சு கார் நிறுவனம். இந்தக் கம்பிகளின் நீளமும் சாய்வும் தப்பினால், பள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின் ஆக்சில் தானே திசை திரும்பும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதன் மூட்டில் உள்ள கிராஸ் சீக்கிரம் தேயும். பற்றவைத்த இடங்கள் சேசிஸில் விரிசல் விடும். இது கண்ணளவில் செய்யும் வேலையே இல்லை. ஹவுசிங் மேலும் கீழும் போகும் முழுத் தூரத்துக்கும் கணக்குப் போட்டு, வரைந்து, பிறகு வெட்ட வேண்டிய வேலை.

இதைவிட அடக்கமான வழி ஒன்று உண்டு. பட்டையை அப்படியே விட்டுவிட்டு, ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே சின்னப் பலூன் இரண்டை உதவிக்கு வைப்பது. ஆக்சிலைப் பட்டை பிடித்துக்கொள்ளும். சுமையின் ஒரு பகுதியைப் பலூன் ஏற்கும். 5 அங்குலப் பலூனில் 30 பவுண்டு காற்று வைத்தால் பக்கத்துக்கு 260 கிலோவுக்கு மேல் தாங்கும். உழைக்கும் பிக்கப்புக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். பழைய வண்டியின் உடம்பில் வெட்டு விழாது. மென்மை மட்டும் அவ்வளவாகக் கிடைக்காது, ஏனென்றால் விறைப்பான பட்டை அங்கேயேதான் இருக்கிறது. இதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

காற்று எங்கிருந்து வரும்? பெரிய லாரியில் ஏர் பிரேக்குக்காக இன்ஜினோடு ஓடும் கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கிறது. அங்கேயும் பிரேக்கின் காற்றைப் பலூன் திருடிவிடாதபடி நடுவே ஒரு காப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். பழைய பிக்கப்பில் இருப்பது ஹைட்ராலிக் பிரேக், காற்றே கிடையாது. 12 வோல்ட் மின் கம்ப்ரசர், சின்ன டேங்க், வால்வுகள், அழுத்தம் காட்டும் மீட்டர் எல்லாம் புதிதாக வைக்க வேண்டும். பழைய டைனமோ இந்த மின்சுமையைத் தாங்குமா என்று முதலில் பார்ப்பது நல்லது. இடது பலூனையும் வலது பலூனையும் ஒரே குழாயில் இணைக்கவே கூடாது. வளைவில் வெளிப்பக்கம் அமுங்கும்போது அங்கிருந்த காற்று உள்பக்கம் ஓடிவிடும். வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். குழாய் மிச்சம் பிடிக்கும் ஆசையில் செய்யப்படும் இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

பிரேக் விஷயத்தில் இன்னொரு கண்ணி உண்டு. பிற்காலத்தில் வந்த பல பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வு இருக்கும். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை ஒரு நெம்புகோல் மூலம் அளந்து, சுமை இருக்கிறதா இல்லையா என்று அது முடிவு செய்யும். பலூனில் காற்றடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினால், முழுச் சுமை இருக்கும்போதும் வண்டி வெறுமையாக இருப்பதாக அந்த வால்வு எண்ணிக்கொள்ளும். பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பலூன் பொருத்திய கையோடு அந்த நெம்புகோலையும் திருத்தி வைக்கவில்லை என்றால், பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது.

இதையெல்லாம்விட மனத்தில் அழுத்தமாகப் பதிய வேண்டியது ஒன்று. பலூன் வைத்தால் வண்டியின் சுமைத்திறன் கூடாது. பின்பக்கம் உட்காரவில்லை என்பதால் சுமை குறைந்துவிட்டது என்று கண் ஏமாறும். டயரும் வீல் பேரிங்கும் ஹவுசிங்கும் பிரேக் டிரம்மும் பழையவைதானே? சேசிஸும் பழையதுதான். பட்டை தன் சுமையை முன்னும் பின்னும் உள்ள இரண்டு பிடிப்புகளில் பிரித்துக் கொடுத்தது. பலூன் தன் பங்கை நடுவே ஒரே இடத்தில் குத்துகிறது. முப்பது வருடத் துரு தின்ற சேசிஸ் அந்த இடத்தில்தான் வளையும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. எடைமேடைக்குப் பலூன் தெரியாது.

சட்டத்தைத் தொட்டதால் மீதியையும் சொல்லிவிட வேண்டும். அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. வண்டியின் அமைப்பு மாறி அதன் அடிப்படைத் தன்மையே மாறுவதைத்தான் சட்டம் மாற்றம் என்கிறது. சேசிஸை வெட்டி, பட்டையை நீக்கி, நான்கு கம்பிகளைப் பற்றவைப்பது அதற்குள் வராது என்று நம்பி இறங்குவது துணிச்சல் இல்லை, அசட்டுத்தனம். உதவிப் பலூன் மட்டும் என்றாலும், டிஎன் 46 ஆனால் பெரம்பலூரிலும் டிஎன் 61 ஆனால் அரியலூரிலும் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும்.

பராமரிப்பு பெரிய பாரம் இல்லை, ஆனால் விட்டுவிட முடியாது. சைலன்சர் குழாயின் சூடு பலூனைத் தொடக் கூடாது. அரியலூர்ச் சாலைகளின் சுண்ணாம்புத் தூசியும் சின்னக் கற்களும் ரப்பர் மடிப்பில் உட்கார்ந்து அரிக்கும். வண்டி கழுவும்போது அங்கேயும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டேங்கில் தண்ணீர் சேரும். அடிக்கடி வடித்துவிட வேண்டும். காற்று முழுக்க இறங்கிய பலூனோடு ஓட்டினால் மடிப்பு கிழியும். பட்டை உடைந்தால் பெரும்பாலும் ஒரு பட்டைதான் உடையும், மற்றவை வீடு கொண்டுவந்து சேர்க்கும். பலூன் வெடித்தால் ஒரே நொடியில் எல்லாம் போய்விடும் என்பதால் உள்ளே ரப்பர்க் கட்டை கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் 1957-இல் கேடிலாக் எல்டொராடோ பிரௌம் என்ற மிக விலை உயர்ந்த கார் காற்று சஸ்பென்ஷனோடு வந்தது. கசிவைச் சமாளிக்க முடியாமல் பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். ரப்பரும் வால்வும் இன்று எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. கசிவு என்ற சொல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பலூன் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது பலூனே இல்லை. பல வருடமாகக் கழற்றாத பட்டைகளுக்கு இடையே துரு ஏறி, எல்லாம் ஒரே கட்டையாகிவிட்டிருக்கும். பட்டை வேலை செய்யும் பட்டறையில் அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து, படிந்துபோன வளைவை ஏற்றி, உடைந்ததை மாற்றி, இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டித் தருவார்கள். புது புஷ், நல்ல ஷாக் அப்சார்பர் இரண்டு. இதை முதலில் செய்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் முழுப் பலூன்தான் வேண்டும் என்றால், பட்டறைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், “பட்டையை எடுத்தபின் ஆக்சிலை எது பிடிக்கும், வரைந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். அவரால் வரைந்து காட்ட முடியவில்லை என்றால், உங்கள் வண்டியின் யூ போல்ட்டில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள்.